வாழ்க வருகைப் பதிவேடு!

நம் கல்வித்துறையைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் படிப்பு என்று வந்துவிட்டால் மட்டும் யாரையும் ஒரு வார்த்தை குறைத்துப் பேச நான் விடமாட்டேன். மத்திய அரசும் மாநில அரசும் பள்ளி நிர்வாகங்களும் இந்த ஒரு காரியத்தில் காட்டிவருகிற சாமர்த்தியம் அப்படிப்பட்டது. ஆசிரியரே இல்லாமல் ஒரு பிள்ளையைப் பத்து வருடம் படிக்கவைப்பது சாதாரண வித்தையா? துரோணர் இல்லாமல் ஏகலைவன் படித்தான் என்று பெருமைப்படுகிறோம். அவனுக்காவது மண்ணில் ஒரு பொம்மை இருந்தது.

முதலில் அவர்களுடைய நிதானத்தைச் சொல்லவேண்டும். இந்தப் பிள்ளைகளின் படிப்பு பொதுக் கல்வியிலிருந்து பிரிக்கமுடியாத பகுதி என்று கோத்தாரி குழு 1966இல் அறிக்கை கொடுத்தது. அவசரக்காரர்களாக இருந்தால் மறுவருடமே பதறியடித்துக்கொண்டு ஆசிரியர்களை நியமித்திருப்பார்கள். நாம் எட்டு வருடம் யோசித்து, 1974இல் ஒருங்கிணைந்த கல்விக்கு ஒரு திட்டம் போட்டோம். 1995இல் இவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 18 வயதுவரை இலவசக் கல்வி என்றது. 2007இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டோம். 2009இல் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி உரிமை என்று சட்டம் செய்தபோது, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் பட்டியலில் இவர்கள் விட்டுப்போனார்கள். 2012இல் ஞாபகம் வந்து திருத்தம் போட்டுச் சேர்த்துக்கொண்டோம். வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களின் பட்டியலிலேயே வாய்ப்பு மறுக்கப்படுவது எல்லாருக்கும் கிடைக்கிற கௌரவம் இல்லை.

பிறகு 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். முன்பு 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின. எடுத்த எடுப்பில் மூன்று மடங்கு வளர்ச்சி! பள்ளிப் பிள்ளைகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கவேண்டும், சைகைமொழியும் பிரெயிலும் தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வேலைக்கு வைக்கவேண்டும், கட்டடங்களைத் திருத்தவேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. படித்தால் கண்ணில் நீர் வரும். மீறினால் என்ன தண்டனை என்றும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்: முதல் தடவைக்கு ரூ.10,000 வரை அபராதம். ஒரு சிறப்பு ஆசிரியருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதைவிட இது மலிவு என்பதைக் கணக்குத் தெரிந்த எந்த நிர்வாகியும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார். சட்டத்தை மதிக்கிறவனுக்கு ஆகும் செலவைவிட மீறுகிறவனுக்கு ஆகும் செலவு குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்ட அந்தக் கருணையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சட்டம் இருக்கட்டும். நடைமுறைக்கு வருவோம். நம் அரசுப் பள்ளிகளின் முதல் பெருமை, அவை யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளைக்குச் சேர்க்கை உண்டு, சீருடை உண்டு, சத்துணவு உண்டு, இப்போது காலை உணவும் உண்டு. பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. எமிஸ் என்கிற மாணவர் தகவல் தளத்தில் எண் வருகிறது. குறைபாட்டின் வகைக்கு எதிரே ஒரு குறி விழுகிறது. அந்தக் குறி விழுந்ததும் உள்ளடக்கிய கல்வி முடிந்தது. அதற்குமேல் அந்தப் பிள்ளைக்குச் செய்யவேண்டியது என்ன இருக்கிறது? உட்காரவைக்கவேண்டும். கடைசிப் பெஞ்சோ, வாசல் பக்கமோ, சுவரோரமோ, மற்றப் பிள்ளைகளுக்குத் தொந்தரவில்லாத ஓர் இடம் எந்தப் பள்ளியிலும் கிடைக்கும்.

"அம்மா, நீங்க கவலையே படாதீங்க. தம்பி தினமும் வந்து உக்காந்தா போதும். பாஸ் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பார் தலைமையாசிரியர்.

"படிப்பு சார்?"

"அதான் சொல்றேனே, பாஸ் பண்ணிடுவான்."

எவ்வளவு தெளிவான பதில்! எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்ற நல்ல விதி இந்தப் பிள்ளைகளின் விஷயத்தில் ஒரு படி மேலே போய், யாருக்கும் எதையும் சொல்லித்தரவேண்டாம் என்ற விதியாகப் பக்குவப்பட்டிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பையனுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் ஐந்து வருடமாக அவன் பெயரை வேறொருவர் தினமும் டிக் அடித்திருக்கிறார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தையும் முடித்து, படிவங்களையும் நிரப்பும் அந்த ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை ஏன் காதைப் பொத்திக்கொள்கிறான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. பி.எட். படிப்பில் ஒரு தாள் எழுதியிருப்பார். அதற்கும் ஒரு டிக் விழுந்திருக்கும்.

பாடம் சொல்லித்தரத்தான் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாழ்த்து நிறையாது. அவர் பள்ளியில் இருக்கமாட்டார். வட்டார வள மையத்தில் இருப்பார். அங்கேயும் இருக்கமாட்டார்; ஏதாவது ஒரு பேருந்து நிறுத்தத்தில் இருப்பார். அவர் கையில் ஒரு பள்ளி இல்லை, பல பள்ளிகள். திங்கட்கிழமை ஓர் ஊர், செவ்வாய்க்கிழமை இன்னோர் ஊர். நடுவே வீட்டோடு கிடக்கிற பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வரவேண்டும். மருத்துவ முகாமுக்கு ஆள் சேர்க்கவேண்டும். அடையாள அட்டை எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேருக்கு வரவில்லை என்று மாலைக்குள் அட்டவணை அனுப்பவேண்டும். இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருக்கிற நேரம் முழுவதும் அவர் பாடம் நடத்தலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

இந்தியாவில் சிறப்புக் கல்விப் படிப்பு பெரும்பாலும் குறைபாட்டு வாரியாகப் பிரிந்தது. பார்வைக் குறைபாட்டுக்குத் தனி, செவித்திறன் குறைபாட்டுக்குத் தனி, அறிவுசார் குறைபாட்டுக்குத் தனி. இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றால்தான் வேலை. இத்தனை கண்டிப்பாகப் பிரித்துப் படித்துவிட்டு வருகிறவரிடம் நம் நிர்வாகம் அந்தப் பேதமெல்லாம் பார்ப்பதில்லை. காது கேளாதவர்களுக்குச் சொல்லித்தரப் படித்தவரைப் பார்வையற்ற பிள்ளையிடம் அனுப்பும். பிரெயில் படித்தவரை மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையிடம் அனுப்பும். கண் டாக்டரிடம் போய்ப் பல்லைக் காட்டினாலும் டாக்டர் டாக்டர்தானே! எல்லாரையும் ஒன்றாகப் பார்க்கிற இந்தச் சமத்துவ நோக்கு எத்தனை மகான்களுக்கு வாய்த்திருக்கிறது?

அவருக்குக் கொடுப்பது தொகுப்பூதியம். ஓய்வூதியம், பதவி உயர்வு என்கிற உலகப் பற்றுகளால் அவர் மனம் கெட்டுவிடக் கூடாது என்பதில் அரசு ஒரு குருவின் கண்டிப்போடு இருக்கிறது. வேலை ஒப்பந்தம் வருடாவருடம் நீளும். இப்படித் தற்காலிகமாகவே இருபது வருடம்வரை ஓட்டியவர்கள் சில மாநிலங்களில் உண்டு என்பதை உச்ச நீதிமன்றமே 2025இல் கவனித்தது. இருபது வருடத் தற்காலிகம்! சேரும்போது முதல் வகுப்பில் இருந்த பிள்ளைக்குக் கல்யாணமாகி, அவன் பிள்ளை முதல் வகுப்புக்கு வந்திருக்கும். பயிற்றுநர் இன்னும் தற்காலிகம்.

அந்தச் சம்பளத்துக்கும் ஒரு சோதனை வந்தது. சிறப்புக் கல்விக்கான பணம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வழியாக வருகிறது. 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024–25ஆம் ஆண்டுக்கான ரூ.2,152 கோடியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. கையெழுத்துப் போட்டால் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றதாகிவிடும் என்று தமிழ்நாடு உறுதியாக நின்றது. இரண்டு பக்கத்திலும் கொள்கை உறுதி. கொள்கைக்காக உயிரைக் கொடுத்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். அடுத்தவருடைய பயிற்றுநரைக் கொடுத்தவர்களை இப்போதுதான் பார்க்கிறோம்.

பணம் என்று பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.3,500 வரை ஒதுக்கீடு. கருவி, பாடப்பொருள், போக்குவரத்து, துணையாள் என்று பல தலைப்புகள் அதற்குள் அடக்கம். 365ஆல் வகுத்துப் பாருங்கள். நாளைக்குப் பத்து ரூபாய்கூட வராது. டீக்கடையில் அந்தக் காசை நீட்டினால் மாஸ்டர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பெண் குழந்தையாக இருந்தால் கூடுதலாக மாதம் ரூ.200, பத்து மாதத்துக்கு உண்டு. மீதி இரண்டு மாதம் கோடை விடுமுறை. குறைபாடும் விடுமுறையில் போய்விடும் என்ற மருத்துவக் கண்டுபிடிப்பை இதற்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

கொடுக்கிற பொருள்களை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதும் பாராட்ட வேண்டியது. அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து வியந்தார் என்கிறது சங்கப் பாட்டு. ஒவ்வொரு வேலும் மாலை சூடி, நெய் பூசி, காவலுக்குள் பளபளவென்று இருந்ததாம். வட்டார வள மையத்தின் பயிற்சி அறைக்குப் போனால் எனக்கும் அதே வியப்பு. பெரிய பந்துக்குக் காற்றடித்தால் அழுக்காகிவிடும் என்று காற்றடிப்பதில்லை. நிற்கப் பழக்கும் சட்டத்தின்மேல் பாலித்தீன் உறை கலையாமல் இருக்கிறது. பிரெயில் சிலேட்டுகள் பீரோவுக்குள், பீரோ பூட்டுக்குள், சாவி விடுப்பில். தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப்பார்த்தால் ஒன்றுகூடக் குறையாது. பிள்ளைகள் கையில் கொடுத்து உடைத்து நொறுக்குகிற பழக்கம் சில தொண்டு நிறுவனப் பள்ளிகளில் இருக்கிறது. அவர்களுடைய சக்கர நாற்காலிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கைப்பிடி தேய்ந்து, மெத்தை கிழிந்து, ஒரு சக்கரம் மாற்றுச் சக்கரமாக, அதே பாட்டில் கருமான் பட்டறையில் கிடக்கிற அதியமானின் வேல் மாதிரி!

கட்டடக் கலைக்கு வருவோம். இப்போது பல பள்ளிக்கூடங்களில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது இதற்கான கணக்கு. மூன்று படி ஏற வேண்டுமானால் ஏறத்தாழ பதினெட்டு அடி நீளம். அவ்வளவு சிமெண்டை வீணாக்க மனமில்லாத நம் கொத்தனார்கள் அதை ஆறடிக்குள் முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏற ஒரு பயில்வான் வேண்டும். இறங்க ஒரு குலதெய்வம் வேண்டும். ஏறி முடிந்ததும் ஒரு நிலைப்படி. அதைத் தாண்டினால் வகுப்பு. அந்த வகுப்பும் அடுத்த வருடம் மாடிக்குப் போய்விடும். உயர்கல்வி என்பதை நாம் ஒருபோதும் உருவகமாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்தச் சாய்தளங்கள் எப்படி முளைத்தன என்பதும் ரசமான கதை. பள்ளிக்கூடங்கள்தாம் நமக்கு வாக்குச்சாவடி. வாக்குச்சாவடியில் சாய்தளம் இருந்தாக வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் கட்டளை. ஆகவே தேர்தல் நெருங்கும்போது பல பள்ளிகளில் சாய்தளத்துக்குத் திடீரென்று உயிர் வரும்; சில இடங்களில் மரப்பலகையிலேயே வரும். பிள்ளைக்கு ஓட்டு இல்லை. பதினெட்டு வயது ஆகட்டும், அந்தப் பள்ளிக்குள் அவனையும் மரியாதையாக ஏற்றி இறக்குவார்கள்.

கழிப்பறையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இரண்டு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிய பெண் பிள்ளைகள் அதைப் பற்றி நன்றாகப் பேசுவார்கள். யாரும் கேட்பதில்லை.

பழைய பொதுக் கட்டடங்களையெல்லாம் விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் திருத்தவேண்டும் என்றது 2016 சட்டம். விதிகள் வந்தது 2017 ஜூனில். ஐந்து வருடம் 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தபோது ஒரு நுட்பம் தெரிந்தது. சட்டம் 'செய்' என்று சொல்லியிருக்க, விதியில் அது 'செய்தால் நல்லது' என்ற ஆலோசனையாக மாறியிருந்தது. கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி நீதிமன்றம் சொன்னது. கட்டளையை யோசனையாக மாற்றிய அந்தக் கை யாருடையதோ தெரியாது. அதற்கு ஒரு தங்கக் காப்பு போடவேண்டும்.

எழுத்து, வாசிப்பில் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு வேறுவிதமான மரியாதை. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு 2016 சட்டத்தில் முறையாக இடம்பெற்றது. ஆனால் 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல்படி எட்டு வயது நிரம்பினால்தான் சான்றிதழ். எட்டு வயதில் பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருப்பான். அதற்குள் 'மக்கு', 'சோம்பேறி', 'வேணும்னே பண்றான்' என்ற மூன்று சான்றிதழ்களைப் பள்ளியும் வீடும் இலவசமாக வழங்கியிருக்கும். பிறகு 14 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை மறுபடி பரிசோதனை. நடுவில் குணமாகிவிட்டால் அரசை ஏமாற்றியதாக ஆகிவிடாதா?

மற்ற குறைபாடுகளுக்கு விழுக்காடுதான் விதி. 40 வந்தால் உரிமை, 39 வந்தால் வாழ்த்துகள். முகாமுக்குப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வருகிற தாய், வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் பிள்ளை நன்றாக நடந்துகாட்டிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிற நிலைமை இந்த நாட்டில் மட்டும் வாய்க்கும். வருடம் முழுக்க அவன் நடக்கவேண்டும் என்று வேண்டியவள் அவள்.

அந்தத் தாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்த அமைப்பு முழுவதும் அவள் தலைமேல் நிற்கிறது. காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறாள். போய்விடுவதில்லை. போகவிடுவதும் இல்லை. "நீங்க பக்கத்துலயே இருங்கம்மா, அவன் எழுந்து ஓடிட்டான்னா யார் பார்க்கறது?" வேப்பமரத்தடியிலோ வராந்தாவிலோ நாலு மணிவரை உட்கார்ந்திருக்கிறாள். சோறு ஊட்டுகிறாள், கழிப்பறைக்குத் தூக்கிப்போகிறாள், வலிப்பு வந்தால் மடியில் போட்டுக்கொள்கிறாள். அவள் பார்த்த தையல் வேலை போயிற்று, நூறு நாள் வேலை போயிற்று. ஊதியமில்லாத, விடுப்பில்லாத, ஒப்பந்தம்கூட இல்லாத ஓர் ஊழியரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவராக நியமித்துவிட்ட நிர்வாகம் உலகில் வேறு உண்டா? ஆசிரியர், மாணவர் விகிதம் இங்கே 1:1. பின்லாந்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

அவளாலும் முடியாமல் போனால் வீட்டுவழிக் கல்வி இருக்கிறது. கடுமையான குறைபாடோ பல குறைபாடுகளோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிப்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை 2012 திருத்தம் கொடுத்தது. பேசவே முடியாத பிள்ளை இந்த உரிமையைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் காட்டுகிற வேகம் ஆச்சரியமானது. பள்ளி சொல்லும், பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள், பிள்ளை தேர்ந்துகொண்டதாக ஆகிவிடும். பயிற்றுநர் வாரம் ஒரு தடவை வந்து, கை காலை நீட்டி மடக்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார். அந்தப் படத்தில் பிள்ளை சிரித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அந்த வாரத்தில் வீட்டுக்கு வந்த வெளியாள் அவர் ஒருவர்தான்.

காது கேளாதோர் பள்ளிகளின் வரலாற்றுப் பக்தியை நினைத்தால் மெய்சிலிர்க்கும். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் கூடி, காது கேளாதவர்களுக்குச் சைகை கூடாது, பேச்சுப் பயிற்சிதான் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானத்தைத் தள்ளி, விளைந்த கேட்டுக்கு வருத்தமும் தெரிவித்தது. தீர்மானம் போட்டவர்களே கைவிட்டாலும் நம்மில் பலர் கைவிடவில்லை. சைகைமொழி தெரியாத ஆசிரியர், காது கேளாத பிள்ளைகள் முன்னால் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு உரக்கப் பாடம் நடத்துவார். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என்ன எழுதினாய் என்று கேட்டால்தான் சிக்கல். இரவு விடுதிக்குப் போன பிறகு அந்தப் பிள்ளைகள் கையாலேயே கதை சொல்லி, சண்டை போட்டு, ஆசிரியரைப் போலவே நடித்துச் சிரிப்பார்கள். பள்ளியில் உண்மையான மொழி வகுப்பு நடக்கிற நேரம் அது. அதற்கு வருகைப் பதிவேடு இல்லை.

இப்படி வளர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும்போது அரசின் தாராளம் மடை திறக்கிறது. சொல்வதை எழுதுபவர் உண்டு, கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு உண்டு. இந்தச் சலுகைகள் வேண்டியவைதான், போராடிப் பெற்றவைதான். பத்து வருடமாகப் பிரெயில் சொல்லித்தராத பள்ளி, கடைசி நாளில் எழுத ஆள் அனுப்புகிறது என்பதில்தான் அதன் பெருந்தன்மை தெரிகிறது. சொல்வதற்கு ஏதாவது இருந்தால் அவர் எழுதுவார். மூன்று மணி நேரத்தில் தெரியாதது நான்காவது மணி நேரத்தில் உதிக்கலாம். விலக்குப் பெற்ற ஆங்கிலம், பிறகு கல்லூரியிலும் வேலைத் தேர்விலும் வாசலில் காத்துக்கொண்டு நிற்கும். அங்கே 'உனக்கு ஆங்கிலம் தெரியாதே' என்று சொல்லும்போது யாரும் பழைய விலக்கு ஆணையைக் காட்டமுடியாது.

தனியார் பள்ளிகளைச் சுருக்கமாகவே புகழ்கிறேன். அவர்களுக்கு விளம்பரம் பிடிக்காது. "எங்களிடம் வசதி இல்லை, உங்கள் பிள்ளைக்கு நல்லதாக வேறு இடம் பாருங்கள்" என்று சொல்லும்போது அவர்கள் குரலில் உள்ள அக்கறை தேன். அந்த வசதியை ஏன் செய்யவில்லை என்று கேட்டால், அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் இல்லையே என்பார்கள்.

இவ்வளவு பொறுமையாக நடக்கிற ஊரில் சில அவசரக்காரர்களும் இருந்திருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு குறிப்பிடவேண்டும். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற அம்மையார் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார். சட்டம் வர நூறு வருடம் இருக்கிறதே என்ற யோசனையே இல்லை. கடற்படைத் தேர்வின்போது தவறி விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கையைத் தூக்க முடியாதவருக்கு இவ்வளவு அவசரம்! மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மகனின் தாயான பூனம் நடராஜன், 1985இல் சென்னையில் இன்றைய வித்யாசாகரைத் தொடங்கினார். பேச முடியாத பிள்ளைகள் படப் பலகையைத் தொட்டுக் கணக்கைத் தீர்க்கிறார்கள், வாக்குவாதம் செய்கிறார்கள், பரீட்சை எழுதிக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்றெல்லாம் இப்படிப்பட்ட இடங்களிலிருந்து செய்தி வரும்போது நிர்வாகத்துக்கு எவ்வளவு சங்கடம்! 'முடியாது' என்பது 'செய்யவில்லை' என்று ஆகிவிடுகிறதே.

கடைசியாக உச்ச நீதிமன்றமும் அவசரக்காரர்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று, தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்குமேல் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை வைத்தது. 2022 செப்டம்பரில் மத்திய அரசு அதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே சேர்த்தது. 2025 மார்ச் 7 அன்று மறுபடி பார்த்தால், பல மாநிலங்கள் எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணியிருந்தனவே தவிரப் பணியிடங்களை உருவாக்கியிருக்கவில்லை. மூன்று வாரத்துக்குள் பணியிடங்களை அறிவியுங்கள், ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கும் தகுதியுள்ளவர்களைப் பரிசீலித்து நிரந்தரமாக்குங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. எண்ணுவதில் நாம் என்றைக்கும் பின்தங்கியதில்லை. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர் என்று எண்ணி முடித்துவிட்டோம்.

இனி எண்ணவேண்டியது நீங்கள். உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு மேலாண்மைக் குழு ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். அடுத்த கூட்டத்தில் தேநீர் வருவதற்கு முன்னால் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி மூன்று வரி எழுதவையுங்கள்: பள்ளியில் இத்தனை மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், பத்துக்கு ஒன்று, பதினைந்துக்கு ஒன்று கணக்கில் இத்தனை சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும், இருப்பது இத்தனை பேர். மூன்றாவது வரியில் பூஜ்யம் என்று எழுதத் தலைமையாசிரியர் தயங்கினால், பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.